நிறமாலையை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்: கரிம வேதியியல் லேப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பி.எஸ்சி. வேதியியல் மாணவர்களுக்குக் கரிம வேதியியல் லேப் எடுக்கிறேன். ஒரு பொருள் எந்தெந்தக் கதிர்களை உறிஞ்சுகிறது என்று காட்டும் வரைபடத்தை, அதாவது நிறமாலையை, வைத்து அதன் அமைப்பைக் கண்டறிவதுதான் நிறமாலையியல். அதைத் தியரி வகுப்பில் போர்டில் நடத்தி முடித்துவிட்டு, லேபில் பழைய சோதனைகளோடு நின்றுவிடுவதுதான் பல இடங்களில் வழக்கம். நானும் அப்படித்தான் நடத்திக்கொண்டிருந்தேன். அதை மாற்றி, மாணவர்கள் தாங்களே நிறமாலையை எடுத்து, பார்த்து, விதியைக் கண்டுபிடிக்கும்படி செய்யத் தொடங்கிய பிறகு மற்ற ஆசிரியர்களும் மாணவர்களும் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

வழக்கமான பிராக்டிகலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வரிசைதான் வித்தியாசம். வழக்கமான முறையில் முதலில் அட்டவணை வரும், கார்பனைல் (C=O) என்றால் 1700க்கு அருகில், ஹைட்ராக்சில் (O–H) என்றால் 3300க்கு அருகில் பீக் (உச்சி) வரும் என்று மனப்பாடம் செய்துகொண்டு, அப்புறம் ஒரு நிறமாலையைக் கொடுத்தால் மாணவர் அந்த எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து வட்டம் போடுவார், அவ்வளவுதான். விடை முன்பே தெரிந்த தேடல் அது. நாங்கள் செய்வது தலைகீழ். பொருள் முதலில், நிறமாலை அடுத்தது, அதில் தெரியும் ஒழுங்கு அதற்கப்புறம், அந்த ஒழுங்குக்குப் புத்தகம் வைத்திருக்கும் பெயர் கடைசியில். அட்டவணையை மாணவர்களே எழுதுகிறார்கள்.

சரி, முதல் வகுப்பில் கையில் என்ன கொடுப்பது?

எட்டு பொருட்கள். அசிட்டோன், சைக்ளோஹெக்சனோன், சைக்ளோபென்டனோன், அசிட்டோபீனோன், பென்சால்டிஹைடு, எத்தில் அசிட்டேட், பென்சாயிக் அமிலம், பென்சமைடு. பெரும்பாலானவை ஏற்கனவே அலமாரியில் இருக்கும். எல்லாவற்றிலும் கார்பனைல் உண்டு, அமைப்பும் மாணவர்களுக்குத் தெரியும், எனவே பாட்டில்களில் பெயரை மறைக்க வேண்டாம். ஒவ்வொரு குழுவும் ஒரு பொருளுக்கு ஐஆர் (அகச்சிவப்பு நிறமாலை) எடுத்து, 1600க்கும் 1800க்கும் நடுவில் இருக்கும் வலுவான பீக்கின் எண்ணைப் போர்டில் எழுத வேண்டும். அலகு செ.மீ⁻¹, இனி வெறும் எண்ணாகவே எழுதுகிறேன்.

போர்டு நிரம்பும்போது அசிட்டோனும் சைக்ளோஹெக்சனோனும் 1715 பக்கம், சைக்ளோபென்டனோன் 1745, எத்தில் அசிட்டேட் 1740, பென்சால்டிஹைடு 1700, அசிட்டோபீனோன் 1685, பென்சாயிக் அமிலம் 1690 பக்கம், பென்சமைடு 1660 பக்கம் என்று வந்திருக்கும். கருவிக்குக் கருவி ஐந்து, பத்து மாறும், அது பரவாயில்லை. இப்போது ஒரே கேள்வி: எட்டிலும் இருப்பது அதே கார்பனும் அதே ஆக்சிஜனும்தானே, எண் ஏன் மாறுகிறது?

இந்த இடத்தில் ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது, ஐந்து நிமிட மௌனத்தை வகுப்பறையில் தாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆனால் பொறுத்திருந்தால் யாராவது ஒருவர் பென்சீன் வளையம் ஒட்டியிருப்பதெல்லாம் கீழே இருக்கிறதே என்பார். இன்னொருவர் ஐந்து கார்பன் வளையத்தையும் ஆறு கார்பன் வளையத்தையும் ஒப்பிடுவார். பென்சமைடு ஏன் அத்தனை கீழே என்று கேட்டால், நைட்ரஜனின் தனி இணை எலக்ட்ரான் கார்பனைல் பக்கம் சாய்கிறது, அதனால் இரட்டைப் பிணைப்பு கொஞ்சம் ஒற்றைப் பிணைப்பு மாதிரி ஆகிறது, பிணைப்பு தளர்ந்தால் அதிர்வெண் குறையும் என்று அவர்களே படம் போட்டுக் காட்டுவார்கள். உடனிசைவு என்று தியரியில் படித்த சொல் அன்றைக்குத்தான் ஒரு எண்ணாக அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது.

பென்சாயிக் அமிலத்தில் 2500 முதல் 3300 வரை மேடு மாதிரி பரந்து கிடப்பதையும், பென்சால்டிஹைடில் 2720, 2820 பக்கம் இரண்டு சிறிய பீக்குகள் இருப்பதையும், பென்சமைடில் 3150க்கும் 3400க்கும் இடையில் பல் மாதிரி இரண்டு நிற்பதையும் கேட்காமலே கவனிப்பார்கள். அதையும் போர்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அட்டவணையை நேரடியாகக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் முடியுமே, இது நேர விரயம் இல்லையா?

மூன்று மணி நேரம் போகும், உண்மைதான். ஆனால் பத்து நிமிடத்தில் கொடுத்த அட்டவணை அடுத்த மாதம் வைவாவில் கேட்டால் இருக்காது. மீத்தைல் சாலிசிலேட், மீத்தைல் பென்சோயேட் இரண்டும் எஸ்டர்கள். முதலாவதின் கார்பனைல் 1675 பக்கம் வருகிறது, இரண்டாவதில் 1720 பக்கம். அட்டவணையில் எஸ்டர் 1735 என்று மட்டும் படித்த மாணவர் முதலாவதைப் பார்த்ததும் இது எஸ்டரே இல்லை என்று எழுதிவிடுவார். எட்டு பொருள் பயிற்சியைச் செய்தவர், பக்கத்தில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதி கார்பனைலோடு ஹைட்ரஜன் பிணைப்பில் இருக்கிறதா என்று யோசிப்பார். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே மூன்று மணி நேரத்தைச் செலவிடலாம் என்பது என் முடிவு.

பிணைப்பின் வலிமையோடு அணுவின் நிறையும் அதிர்வெண்ணை மாற்றும் என்பதை எப்படிக் காட்டுவது?

குளோரோஃபார்முக்கும், ஹைட்ரஜனுக்குப் பதில் அதைப் போல இரண்டு மடங்கு நிறையுள்ள டியூட்டிரியம் சேர்ந்த குளோரோஃபார்முக்கும் ஐஆர் எடுங்கள். கார்பன்–ஹைட்ரஜன் பீக் 3020 பக்கம், கார்பன்–டியூட்டிரியம் பீக் 2250 பக்கம். பிணைப்பை ஸ்பிரிங்காகவும் அணுக்களை அதில் கட்டிய எடைகளாகவும் கொள்ளும் ஸ்பிரிங் சூத்திரத்தைப் போட்டுக் கணக்கிட்டால் இரண்டு அதிர்வெண்களின் விகிதம் சுமார் 1.36 வரும், எதிர்பார்க்கும் எண் 2215 பக்கம். பார்த்ததும் கணக்கிட்டதும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். இரண்டு துளி போதும், ஃப்யூம் ஹூடுக்குள் வைத்துச் செய்யுங்கள்.

எங்கள் கல்லூரியில் என்எம்ஆர் (காந்தப்புலத்தில் ஹைட்ரஜன், கார்பன் அணுக்கருக்களைப் பார்க்கும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக் கருவி) இல்லை. இது எங்களுக்கு ஒத்துவருமா?

வரும். எங்களிடமும் இல்லை. ஐஆர் ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது, என்எம்ஆருக்கு அச்சிட்ட நிறமாலைகள் போதும். ஜப்பானின் ஏஐஎஸ்டி நிறுவனம் நடத்தும் எஸ்டிபிஎஸ் தரவுத்தளம் இலவசம். சாதாரணக் கரிமப் பொருட்கள் பெரும்பாலானவற்றுக்கு ஐஆர், புரோட்டான் (ஹைட்ரஜன்) என்எம்ஆர், கார்பன் என்எம்ஆர், நிறை நிறமாலை நான்கும் அதில் கிடைக்கும். ஒரு விதி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: மாணவர் கையில் பாட்டில் இருக்க வேண்டும். பொருளைத் தொட்டு, கொதிநிலை பார்த்து, ஐஆர் தானே எடுத்து, அதன் பிறகு அச்சிட்ட என்எம்ஆரைக் கொடுத்தால் அது அவருடைய பொருளின் என்எம்ஆர். வெறும் தாளாகக் கொடுத்தால் அது இன்னொரு வீட்டுப்பாடம்.

வசதியுள்ள கல்லூரிகள் மேசை மேல் வைக்கும் 60 அல்லது 80 மெகாஹெர்ட்ஸ் கருவியை யோசிக்கலாம். நிரந்தரக் காந்தம் என்பதால் திரவ ஹீலியம் செலவு இல்லை. பீக்குகள் கொஞ்சம் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், இளங்கலைப் பாடத்துக்கு அது பெரிய தடை இல்லை.

ஐஆர் கூட இல்லை என்றால்?

அப்போதும் கண்ணுக்குத் தெரியும் ஒளி இருக்கிறது. பழைய டிவிடி ஒன்றின் துண்டும் ஒரு அட்டைப் பெட்டியும் இருந்தால் நிறமாலைமானி தயார். டிவிடியில் தடங்களுக்கு நடுவே 0.74 மைக்ரோமீட்டர்தான் இடைவெளி, சிடியில் 1.6, எனவே டிவிடி ஒளியை நன்றாகப் பிரிக்கும். சிஎஃப்எல் விளக்கைப் பார்த்தால் பாதரசத்தின் 436, 546 நானோமீட்டர் கோடுகள் தெரியும், அவற்றை வைத்தே அளவுகோல் வரைந்துகொள்ளலாம். பிறகு கீரையை அரைத்து ஆல்கஹாலில் எடுத்த சாற்றைப் பல்பு வெளிச்சத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள், சிவப்பிலும் நீலத்திலும் இருட்டு விழும்.

இதை ஏழைக் கல்லூரியின் சமாளிப்பு என்று நினைக்க வேண்டாம். 1928ல் கொல்கத்தாவில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் சூரிய ஒளி, வண்ண வடிகட்டிகள், சொந்தக் கண் இவற்றை வைத்துத்தான், இன்று ராமன் விளைவு என்று சொல்லும் புதிய ஒளிச்சிதறலை முதலில் பார்த்தார்கள். சுமார் அறுபது திரவங்களைத் தூய்மைப்படுத்தி ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ராமன் திருச்சியில் பிறந்தவர், கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர். இதை வகுப்பில் சொல்லும்போது நான் முக்கியமாகச் சொல்வது அந்த அறுபது திரவங்களைத்தான். ஒன்றில் பார்த்ததை எல்லாவற்றிலும் பார்க்கும் வரை அவர்கள் விடவில்லை.

என்எம்ஆரில் எதைக் கண்டுபிடிக்கச் சொல்வது?

முதலில் எத்தனால். 1951ல் ஸ்டான்ஃபோர்டில் ஆர்னால்ட், தர்மட்டி, பாக்கார்டு மூவரும் எத்தனாலில் ஒன்றல்ல, மூன்று தனித்தனி பீக்குகள் வருவதையும் அவற்றின் பரப்பு 1:2:3 என்று இருப்பதையும் காட்டினார்கள். அதில் தர்மட்டி இந்தியர், பின்னாளில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் என்எம்ஆர் ஆய்வைத் தொடங்கி வைத்தவர். பிளவுகள் (ஒரு பீக் சிறு பீக்குகளாகப் பிரிவது) இல்லாமல் வெறும் மூன்று மேடுகளாக வரைந்து, இந்தப் பொருள் எத்தனால், வேறு எதுவும் சொல்ல மாட்டேன், இந்த மூன்று எங்கிருந்து வருகின்றன என்று கேளுங்கள். பரப்பை வைத்து மாணவர்கள் தாங்களே சொல்லிவிடுவார்கள், ஹைட்ரஜனின் சூழல் மாறினால் இடமும் மாறும் என்ற கருத்து அங்கேயே பிறந்துவிடும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது. ஒன்பது கார்பன், பத்து ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன் என்று ஒரே மூலக்கூறு வாய்பாடு கொண்ட மூன்று எஸ்டர்களை அ, ஆ, இ என்று மட்டும் எழுதிய பாட்டில்களில் கொடுக்கிறேன். எத்தில் பென்சோயேட், பென்சைல் அசிட்டேட், மீத்தைல் பீனைல்அசிட்டேட். ஐஆர் எடுத்தால் ஒன்றின் கார்பனைல் 1720 பக்கமும் மற்ற இரண்டும் 1740 பக்கமும் நிற்கும், எட்டு பொருள் பயிற்சி நினைவில் இருப்பதால் வளையத்தோடு கார்பனைல் நேராக ஒட்டியது எது என்று உடனே பிரித்துவிடுவார்கள். மிச்சம் இரண்டு. அங்கேதான் திணறல்.

இரண்டு நிறமாலைகளிலும் ஐந்து ஹைட்ரஜன், இரண்டு ஹைட்ரஜன், மூன்று ஹைட்ரஜன், எல்லாம் ஒற்றைப் பீக்குகள். எண்ணிக்கையும் பிளவும் ஒன்றே, எனவே அவற்றை மட்டும் பார்த்துப் பழகியவருக்கு இரண்டும் ஒரே பொருளாகத் தெரியும். இடம் மட்டும்தான் வேறு. ஒன்றில் இரண்டு ஹைட்ரஜன் 5.1 பிபிஎம்மிலும் (என்எம்ஆரில் பீக்கின் இடத்தைச் சொல்லும் அலகு) மூன்று ஹைட்ரஜன் 2.1லும் இருக்கின்றன, மற்றதில் 3.6, 3.7 என்று இரண்டும் ஒட்டி நிற்கின்றன. ஆக்சிஜன் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள் என்பதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதில்லை. விடை வந்ததும் பாட்டிலின் வாசத்தைக் கையால் விசிறி மெல்ல முகரச் சொல்வேன். பென்சைல் அசிட்டேட் மல்லிகைப் பூ வாசத்தின் முக்கியமான பொருள். 5.1ல் நின்ற அந்த ஒற்றைப் பீக்கை அதற்குப் பிறகு யாரும் மறப்பதில்லை.

பாடத்திட்டத்தில் இருக்கும் பிராக்டிகலையே இப்படி மாற்ற முடியுமா?

முடியும், தனி நேரம் தேட வேண்டியதே இல்லை. தயாரிப்பின் கடைசியில் ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும். பாரா-அமினோபீனாலோடு அசிட்டிக் அன்ஹைட்ரைடு சேர்த்துப் பாரசிட்டமால் தயாரிக்கச் சொல்கிறோம். தலைப்பில் பாரசிட்டமால் என்று எழுதாதீர்கள். மூலக்கூறில் ஹைட்ராக்சிலும் இருக்கிறது, அமினும் இருக்கிறது, அசிட்டைல் எதன் மேல் போய் உட்கார்ந்தது என்று கேளுங்கள். ஆக்சிஜன் மேல் என்றால் எஸ்டர், 1760 பக்கம் பீக் வர வேண்டும். நைட்ரஜன் மேல் என்றால் அமைடு. வருவது 1655 பக்கம், கூடவே 3325ல் கூர்மையான என்–எச். நைட்ரஜன்தான் ஆக்சிஜனைவிட நல்ல அணுக்கரு கவர் பொருள் (எலக்ட்ரான் இணையைக் கொடுத்துப் பிணைப்பு உண்டாக்குவது) என்ற பாட வரி அப்படியே கையில் கிடைக்கிறது.

மீத்தைல் பென்சோயேட்டின் நைட்ரோ ஏற்றமும் அதே மாதிரி. நைட்ரோ தொகுதி வளையத்தில் எஸ்டர் தொகுதிக்கு அடுத்த இடத்திலா (ஆர்த்தோ), ஒன்று தள்ளியா (மெட்டா), நேரெதிரிலா (பாரா) என்று விதியைப் பார்த்து எழுதாமல் கார்பன் என்எம்ஆர் பீக்குகளை எண்ணச் சொல்லுங்கள், பாராவுக்கு ஆறு, மற்ற இரண்டுக்கும் எட்டு. ஆர்த்தோவையும் மெட்டாவையும் பிரிக்கப் புரோட்டான் என்எம்ஆரில் 8.9 பக்கம் தனியாக நிற்கும் ஹைட்ரஜனைப் பார்க்க வேண்டும், இரண்டு எலக்ட்ரான் கவரும் தொகுதிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஹைட்ரஜன் அது. அமிலக் கலவையைப் பனிக்கட்டியில் வைத்துத் துளித்துளியாகச் சேர்ப்பதில் மட்டும் எந்தச் சலுகையும் வேண்டாம், அங்கே கண்டுபிடிப்புக்கு இடமில்லை, சொன்னபடி செய்ய வேண்டும்.

கடையில் கிடைக்கும் பொருட்களை வைத்துச் செய்யலாமா?

தாராளமாக. நீலகிரித் தைலத்தைப் பாருங்கள், அதில் பெரும்பகுதி சினியோல், பத்து கார்பன், பதினெட்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். ஐஆரில் ஹைட்ராக்சில் இல்லை, கார்பனைல் இல்லை, இரட்டைப் பிணைப்பும் இல்லை. ஆக்சிஜன் எங்கே போனது? ஈதர் என்ற ஒரே வழிதான் மிச்சம். வளையங்களும் இரட்டைப் பிணைப்புகளும் சேர்ந்து எத்தனை என்று வாய்பாட்டிலிருந்து சொல்லும் நிறைவுறாத் தன்மைக் கணக்கு இரண்டு சொல்கிறது, எனவே இரண்டு வளையம். கார்பன் என்எம்ஆரில் பத்துக்குப் பதில் ஏழு பீக்குதான், அதனால் சமச்சீர் இருக்கிறது. தடயம் இல்லாததே தடயமாக இருக்கும் இந்தப் புதிரை வகுப்பில் இரண்டு வாரம் விட்டு வைத்தேன், கேன்டீன் வரை போய்ச் சண்டை போட்டார்கள். கடைத் தைலத்தில் வேறு டெர்பீன்களும் கொஞ்சம் இருக்கும், சின்னச் சின்னப் பீக்குகளைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

கிராம்புத் தைலமும் நல்லது. அதன் முக்கியப் பொருளான யூஜெனால் ஒரு பீனால், அதில் கார்பனைல் கிடையாது, ஆனால் தைலத்தின் ஐஆரில் 1765 பக்கம் ஒரு பீக் தலைகாட்டும். காரத்தில் கரைத்துப் பிரித்து, அமிலம் சேர்த்து மீட்ட யூஜெனாலில் அது இருக்காது. காணாமல் போனது யார்? தைலத்தில் கூடவே இருந்த யூஜெனைல் அசிட்டேட். அதில் பீனால் ஹைட்ராக்சில் மூடப்பட்டிருப்பதால் காரத்தில் கரையாமல் பின்தங்கிவிட்டது.

அப்படியானால் லாசிகன் சோதனை, ஃபெரிக் குளோரைடு சோதனை எல்லாம் தேவையில்லையா?

தேவை. நைட்ரஜன் இருக்கிறதா என்று சோடியம் உருக்கிச் சொல்வதும், ஊதா நிறம் பார்த்துப் பீனால் என்று சொல்வதும் கண்ணையும் கையையும் பழக்குகின்றன. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தாமல் கோர்த்துவிடுங்கள். சாலிசிலிக் அமிலம் ஃபெரிக் குளோரைடோடு ஊதா, அதன் ஹைட்ராக்சிலில் அசிட்டைல் ஏற்றித் தயாரிக்கும் தூய ஆஸ்பிரின் அப்படி இல்லை. ஆஸ்பிரினின் ஐஆரில் 1750, 1690 என்று இரண்டு கார்பனைல், சாலிசிலிக் அமிலத்தில் 1660 பக்கம் ஒன்றுதான். நிறம் மாறாததும் புதிய பீக் வந்ததும் ஒரே செய்தி என்று மாணவர் சொல்லும்போது இரண்டு பாடமும் சேர்ந்துவிட்டன.

மாணவர்கள் தவறான முடிவுக்கு வந்தால்?

வரட்டும். ஒரு முறை ஒரு மாணவி தான் தயாரித்த பொருளில் எத்தில் தொகுதி இருக்கிறது என்று பிடிவாதமாக எழுதியிருந்தார். வெளியே அனுப்பி வாங்கிய என்எம்ஆரில் 1.26ல் மும்மை (மூன்றாகப் பிளந்த பீக்), 2.05ல் ஒற்றை, 4.12ல் நான்மை, சந்தேகமே இல்லாமல் இருந்தன. அவர் பார்த்தது சரி, பொருள்தான் வேறு. சரியாக உலர்த்தாததால் தங்கிவிட்ட எத்தில் அசிட்டேட் கரைப்பான். தவறு என்று அடித்துவிட்டிருந்தால் அன்றைக்கு அங்கேயே முடிந்திருக்கும், இந்த மூன்று பீக்கும் சேர்ந்து எந்தப் பொருளுக்குப் பொருந்தும் என்று கேட்டதால் அரை மணியில் அவரே கண்டுபிடித்தார், அடுத்த வாரம் வகுப்பே பொருளை நன்றாக உலர்த்தியது.

ஐஆருக்காகத் திண்மப் பொருளைக் கலந்து அழுத்திச் செய்யும் பொட்டாசியம் புரோமைடு வில்லை ஈரம் வாங்கி 3400ல் பெரிய மேடு காட்டுவது, 2350 பக்கம் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு எட்டிப்பார்ப்பது, இவையும் கண்டுபிடிக்க வேண்டியவைதான். வெறும் வில்லைக்கு ஒரு நிறமாலை எடுத்துப் பார்க்கச் சொன்னால் போதும். தண்ணீர் கலந்த பொருளை மட்டும் உப்புத் தகட்டில் வைக்க விடாதீர்கள், தகடு கரைந்துவிடும்.

நாற்பது பேருக்கு ஒரு ஐஆர். எப்படிச் சமாளிப்பது?

நான்கு நான்காகப் பிரியுங்கள். வில்லை செய்யாமல் பொருளை நேராக வைத்தே ஐஆர் எடுக்கும் ஏடிஆர் இணைப்பு இருந்தால் ஒரு குழுவுக்கு ஐந்து நிமிடம், வில்லை என்றால் பதினைந்து. கருவிக்காகக் காத்திருக்கும் குழுக்கள் உருகுநிலை, கரைதிறன், நிறச் சோதனைகளைச் செய்யட்டும். ஒரே பொருளை எல்லோருக்கும் கொடுத்தால் வரிசையும் நீளும், காப்பியும் நடக்கும். குழுவுக்கு ஒரு பொருள் என்றால் ஒருவர் தரவு இல்லாமல் மற்றவர் அட்டவணை முழுமையாகாது.

ரெக்கார்டும் மார்க்கும்?

பொருளின் பெயருக்கு நான் கொடுப்பது கால் பங்கு மார்க்தான். மிச்சம் காரணத்துக்கு. எந்தப் பீக்கை வைத்து எதை விலக்கினீர்கள், எது இன்னும் பொருந்தவில்லை என்று எழுத வேண்டும். பொருந்தாத பீக்கை மறைக்காமல் எழுதியவருக்குக் கூடுதலாகக் கொடுக்கிறேன்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு இது கடினமாக இருக்காதா?

என் அனுபவத்தில் இதுதான் அவர்களுக்கு எளிது. ஆங்கிலப் பாராவைப் படித்துப் புரிந்துகொண்டு தொடங்க வேண்டியதில்லை, தாளில் இருக்கும் கோடு எல்லோருக்கும் ஒரே மொழிதான். விவாதம் தமிழில் நடக்கட்டும், முழுக்கத் தமிழிலேயே சண்டை போடட்டும். கலைச்சொல்லை ஆங்கிலத்தில் எழுதுவதைக் கடைசி அரை மணியில் பார்த்துக்கொள்ளலாம். முதல் வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவர்கள் போர்டுக்கு வந்து சாக்பீஸைப் பிடுங்கியதை இந்த வகுப்புகளில்தான் பார்த்தேன்.

முதுகலைச் சேர்க்கை, ஆராய்ச்சி ஆகியவற்றுக்கான ஜாம், கேட், நெட் தேர்வுகளுக்கு உதவுமா?

உதவும். அங்கே நிறமாலைத் தரவைக் கொடுத்து அமைப்பைக் கேட்பது வழக்கம்.

அடுத்த வாரமே தொடங்க வேண்டும், எல்லாவற்றையும் மாற்ற நேரமில்லை. ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

சைக்ளோஹெக்சனோன் ஒரு பாட்டில், சைக்ளோபென்டனோன் ஒரு பாட்டில். இரண்டுக்கும் ஐஆர் எடுத்து இரண்டு தாளையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். முப்பது தள்ளி நிற்கும் அந்த ஒரு பீக்கைப் பற்றி முதல் மாணவர் கேட்கும் வரை காத்திருங்கள்.